நான்காம் கேள்விக்கு ‘இல்லை’

கெர்முனி சுரங்க முகாம்
6 பிப்ரவரி 1998

நிக்கோலாசாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. மூன்று வருடமாகக் கேட்கிறேன், மூன்று வருடமாக ஒரே பதில்தான். அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ ஏன் வரவில்லை என்ற ஒரு வரி மட்டும் எதிலும் இல்லை. அது இருக்கட்டும்.

என் இருமல் கல் தூசியால் வந்ததல்ல. சளியை ஓரூரோ நகர ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். காசநோய். ஜனவரி 26 முதல் மருந்து சாப்பிடுகிறேன். ஞாயிறு தவிர தினமும் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில், சுகாதார நிலையத்துக்குப் போய் அங்கேயே விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆறு மாதம் இப்படி. கொடுப்பவள் வேறு யார்? இந்த முகாமுக்கு நர்ஸ் ஒருத்திதான். என் நாத்தனார் தெயோதோரா.

முதல் நாள் என் பெயரில் ஒரு சிகிச்சை அட்டை நிரப்பினாள். வீட்டு ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்று செவெரோவும் வந்திருந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவருடைய கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

“எந்த மருந்தாச்சும் ஒத்துக்காமப் போயிருக்கா?”

“இல்ல அண்ணி.”

“மஞ்சக்காமால வந்திருக்கா?”

“இல்ல.”

“வயித்துல ஏதாச்சும்?”

செவெரோ சிரித்தார். “அதத்தான் நானும் ரெண்டு வருஷமாக் கேட்டுட்டு இருக்கேன்.”

“உன்ன யாருடா கேட்டா? நாலாவது. வேற மருந்து ஏதும் சாப்பிடுறியா?”

நான் இல்லை என்றேன். பேனாவால் எழுதிவிட்டாள். அந்த அட்டை இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதுதான் விதியாம்.

நூல் உருண்டைக்குள் வைத்து நீ அனுப்பும் மாத்திரையில் இன்னும் மூன்று அட்டை இருக்கிறது. கினிப்பன்றிக் கூண்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்த நாற்றத்துக்கு அவர் அங்கே வரமாட்டார். ஒரு நாளும் தவறியதில்லை. கடைசிக் குழந்தையின்போது லாரியில் நான்கு மணி நேரம் ரத்தம் போனதும், இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று ஓரூரோ டாக்டர் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. அவருக்கு மறந்துவிட்டது. “டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. மூணும் பொண்ணாப் போச்சு. நான் செத்தா சுரங்கத்துல என் எடம் எவனுக்கோ போயிரும்” என்கிறார்.

இன்னொன்று. மருந்து தொடங்கிய அன்றே சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. கண்ணீரும் வேர்வையும்கூட ஆரஞ்சு நிறம். தலையணை உறை கறையாகிவிட்டது. பயந்துபோய் அண்ணியிடம் சொன்னேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவர் திபுர்சியோ திரும்பிப் பார்த்து, “பயப்படாத தாயி. நானும் பத்து நாளா ஒயின்தான் பெய்யுறேன். குடிக்கத்தான் குடுத்து வைக்கல” என்றார். குடி கூடாது என்று அவருக்குக் கண்டிப்பான உத்தரவு.

அடுத்த நூல் உருண்டையைச் சீக்கிரம் அனுப்பு. ஒன்று கவனம். லாரிக்காரர் இப்போது எங்களுக்கு வரும் தபாலை நேராக செவெரோ கையில் கொடுக்கிறார். இவர் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் கேட்கப் படிக்கிறார். “என் வீட்ல தனி லெட்டர் கெடையாது” என்று பேச்சு. போகும் தபால் பையைக் கட்டுவது லாரிக்காரர் மனைவி காசியானா. அதனால் நான் எழுதுவது உனக்கு வந்து சேரும். நீ எழுதுவதுதான் ஆபத்து.

பசிலியா


கொச்சபம்பா
19 பிப்ரவரி 1998

அக்கா,

இந்தக் கடிதத்தைச் சிவப்பு உருண்டையின் நடுவில் வைத்துச் சுற்றுகிறேன். பொட்டலத்தின் மேலே வைத்ததை அத்தான் படிக்கட்டும். அதில் மழையும் பிள்ளைகளுக்கு முத்தமும்தான் இருக்கின்றன.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். சிவப்புச் சிறுநீர் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அது எந்த மருந்து என்று தெரியும். மருந்துக் கடையில் நான்கு வருடம் வேலை செய்பவளுக்கு அதுகூடத் தெரியாதா? அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்து, முழுவதும் படித்தேன். பிறகு முதலாளி தோன் அவெலினோவிடம் போய், ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார் என்று சொல்லிக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

அக்கா, அந்தச் சிவப்பு மருந்து உன் ஈரலை முடுக்கிவிடுகிறது. நான் அனுப்பும் மாத்திரையை அது வேலை செய்வதற்கு முன்பே உடம்பு கரைத்து வெளியே தள்ளிவிடும். நீ ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கினாலும் விழுங்காததற்குச் சமம். ஜனவரி 26 முதல் உனக்குக் காவல் இல்லை.

காசநோய் மருந்தை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தாதே. நிறுத்தினால் நோய் திரும்ப வரும், திரும்பி வந்தால் அதே மருந்துக்கு அடங்காது. ஆறு மாதமும், அது முடிந்து இன்னொரு மாதமும், நீ வேறு வழி பார்க்க வேண்டும். ரப்பர் உறைக்கு அத்தான் சம்மதிப்பாரா? நீயே சொல். கருப்பையில் செம்பு வளையம் வைக்கலாம், அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. ஓரூரோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கணவர் கையெழுத்துக் கேட்பார்கள். மீதி இருப்பது ஒரு வழி. நான்காம் கேள்விக்கு அண்ணியிடம் உண்மையைச் சொல். எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டிருக்க வேண்டியவள் நான். இரண்டு வருடமாக மாத்திரை அனுப்புகிறேன், வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இத்துடன் இரண்டு அட்டை வைக்கிறேன். அவை எல்லாம் முடிந்த பிறகு.

படித்ததும் இதை எரித்துவிடு.

நிக்கோலாசா


கெர்முனி
22 மார்ச் 1998

நிக்கோலாசா,

சாலை மறியல் மூன்று வாரம். மாவும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, உன் பொட்டலமும் இல்லை. கல்லும் கட்டையும் போட்ட சாலையில் நாற்பது லாரிகள் நின்றிருந்தனவாம். மார்ச் 14 சனிக்கிழமைதான் எங்கள் லாரி வந்தது.

அன்று அண்ணி எங்கள் வீட்டில் இருந்தாள். செவெரோ கயிற்றை அறுத்தார். உன் கடிதத்தைப் படித்தார், மழை, முத்தம், எல்லாம். அண்ணி அதைக் கேட்கவில்லை. சிவப்பு உருண்டையைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இது என்ன நூல்? ஆட்டு ரோமம் மாதிரியே இல்ல. எவ்ளோ மெத்துனு இருக்கு.”

“எடுத்துக்கக்கா” என்றார் செவெரோ. “தெனமும் அவளுக்கு மருந்து குடுக்குற. ஒரு நூலு குடுக்கக் கூடாதா?”

“பசிலியா மூஞ்சப் பாரு. மனசு வரல.”

“ஐயோ, எடுத்துக்கோங்க அண்ணி. எனக்கெதுக்கு?” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தினமும் காலையில் யார் கையிலிருந்து நான் உயிரை வாங்குகிறேனோ, அவள் கேட்டதை இல்லை என்று சொல்ல இந்த முகாமில் யாரும் பழகவில்லை. பழுப்பு உருண்டையைக் கொடுத்துப் பார்த்தேன். அது வேண்டாமாம்.

இப்போது நடப்பதைக் கேள். காலையில் நாங்கள் ஒன்பது பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறோம். அண்ணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நாங்கள் வாந்தி எடுக்காமல் இருக்கிறோமா என்று அரை மணி நேரம் காவல் இருக்கிறாள். அந்த அரை மணி நேரம் பின்னுகிறாள். உருண்டை அவள் காலடியில், ஒரு கிண்ணத்தில். முதல் நாள் பெரிய மாதுளை போல இருந்தது. நேற்று ஆரஞ்சுப் பழம் அளவு. என்ன பின்னுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. திபுர்சியோ கேட்டார்.

“எனக்குத் தொப்பியா நர்ஸம்மா?”

“ஒங்க மண்டைக்கு இந்த நூலு பத்தாது. வாயத் தொறங்க.”

உருண்டையின் நடுவில் மாத்திரை அட்டை இருக்கிறது. நீ எப்போதும் அங்கேதான் வைப்பாய். அவள் நர்ஸ். அது என்ன மாத்திரை என்று பார்த்தவுடனே தெரியும். தெரிந்தால் அன்று மத்தியானத்துக்குள் செவெரோவுக்குத் தெரியும். பிறகு என்ன என்று யோசிக்க முடியவில்லை. கையிலிருக்கும் அட்டை மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்குகிறேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு.

காசியானா கண் வைத்தியத்துக்கு அடுத்த வாரம் கொச்சபம்பா வருகிறாள். உன் கடையைச் சொல்லியிருக்கிறேன். அவள் கையில் கொடுத்தால் என் கையில் வரும்.

பசிலியா


கொச்சபம்பா
30 மார்ச் 1998

அக்கா,

காசியானா வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணில் கட்டோடு. “சீக்கிரம் எழுதும்மா, இருட்டுறதுக்குள்ள லாரியப் புடிக்கணும்” என்கிறாள். அதனால் முதலில் முக்கியமானதை எழுதுகிறேன்.

அந்த உருண்டைக்குள் மாத்திரை மட்டும் இல்லை. ஒரு கடிதமும் இருக்கிறது. அதில் எழுதியது இதுதான். நீ விழுங்கும் கருத்தடை மாத்திரையைக் காசநோய் மருந்து கெடுத்துவிடுகிறது. அது இப்போது வெறும் மாவு. இரண்டு மாதமாக நீ காவல் இல்லாமல் இருக்கிறாய். இன்று முதல் அத்தான் பக்கத்தில் போகாதே. காய்ச்சல் என்று சொல், இருமு, என்ன வேண்டுமானாலும் சொல். காசநோய் மருந்தை மட்டும் நிறுத்தாதே.

நாள் தள்ளிப்போனால் உடனே எழுது.

உன்னுடைய அந்த “நிம்மதிதான் எனக்கு” என்ற வரியைப் படித்தபோது கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தொண்டை வலிக்கு இரண்டே இரண்டு கேப்சூல் கேட்டார். இங்கே எல்லாரும் ஒன்று இரண்டாகத்தான் வாங்குவார்கள். நான் கேள்விகள் கேட்க ஆரம்பித்தேன், எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போனதுண்டா, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், மருத்துவச் சீட்டு எங்கே என்று. “நீ கடைக்காரியா போலீஸா?” என்று போய்விட்டார். நான் கேட்காமல் கொடுக்க மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. அதை மூன்று வருடமாக உனக்கு எழுதவில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். ஒரு அம்மா ஒன்பது வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தாள். காதுவலி. “அந்த ரெண்டு கலர் கேப்சூல் குடும்மா” என்றாள். பென்சிலின் வகை. கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், சின்ன வயதில் மகளுக்கு அதே மருந்தால் உடம்பு தடித்தது என்று சொல்லியிருப்பாள். அரை மணி நேரத்தில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உதடு, கண் எல்லாம் வீங்கி, மூச்சு விசில் போல வந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். முதலாளி போலீஸிடம், கொடுத்தது இந்தப் பெண்தான் என்றார். உண்மைதானே. மூன்று நாள் வைத்திருந்தார்கள். அப்பா போன தந்தி வந்தது இரண்டாம் நாள். அப்பாவை நீங்கள் புதைத்த அன்று நான் காவல் நிலையத்தில் இருந்தேன்.

இதை எழுத வெட்கமாக இருந்தது. நீ என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பதே மேல் என்று தோன்றியது. இப்போது இரண்டாம் தடவையும் கேட்காமல் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை உனக்கு.

காசியானா எழுந்துவிட்டாள்.

நிக்கோலாசா


கெர்முனி
9 ஏப்ரல் 1998

நிக்கோ,

காசியானா சனிக்கிழமை கொடுத்தாள். கினிப்பன்றிக் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்து படித்தேன். கூண்டுக்குப் பின்னால் கை விட்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு ஒழுங்காக ஓட்டைகள். ஒரு நாள்கூட விடாமல்.

மாத்திரை இல்லாத ஏழு நாளில் வர வேண்டியது மார்ச் 31 அன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றோடு ஒன்பது நாள்.

செவ்வாய்க்கிழமை காலை உருண்டை ஒரு முட்டை அளவுக்கு வந்துவிட்டது. மற்ற எட்டுப் பேரும் போய்விட்டார்கள். நானும் எழுந்தேன். “நீ இரு” என்றாள் அண்ணி. அவள் என்னைப் பார்க்கவில்லை. நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசிச் சுற்று கழன்றபோது, இரண்டு அட்டையும் நான்காக மடித்த தாளும் அவள் மடியில் விழுந்தன.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். உன் கடிதத்தை ஒரு தடவை படித்தாள். திருப்பி முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். அடுப்பில் ஊசி கொதிக்கும் பாத்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எழுந்து அதை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“வேற மருந்து சாப்பிடுறியான்னு கேட்டேன். இல்லன்ன.”

“கேட்டீங்க அண்ணி. கேக்கும்போது அவரு என் முதுகுக்குப் பின்னாடி நின்னாரு.”

“நாந்தான் நிக்கச் சொன்னேன். கையெழுத்துக்கு.”

“ஆமா.”

“கையெழுத்து கடைசியில வாங்கியிருக்கலாம்” என்றாள், என்னிடம் சொல்வதுபோல இல்லை. பிறகு, “எத்தன நாள் தள்ளியிருக்கு?”

“ஏழு.”

கண்ணாடியைக் கழற்றினாள். நான் அழுதேன். ஆரஞ்சுக் கண்ணீர் ரவிக்கையில் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு லாரியில நாலு மணி நேரம் துணியப் புடிச்சுட்டு இருந்தது எங் கைதான். உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பாதி வழியிலயே நெனவு தப்பிட்ட. இன்னொரு தடவ அந்த லாரியில நான் ஏறமாட்டேன் பசிலியா.”

மாத்திரையையும் உன் கடிதத்தையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில்.

மறுநாள் செவெரோவையும் என்னையும் என் சிகிச்சை அட்டையோடு வரச் சொன்னாள். அட்டையை வாங்கி ஏதோ சரிபார்ப்பதுபோல உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வந்து அவர் கையில் கொடுத்தாள். குறிப்பு என்ற இடத்தில் புதிதாக இரண்டு வரி. எங்கள் கடிதங்களைப் படிப்பாரே, அதே குரலில் செவெரோ உரக்கப் படித்தார். “மருந்து முடியும் வரையிலும், முடிந்து ஒரு மாதம் வரையிலும், நோயாளி தனியே படுக்க வேண்டும்.”

“இத்தன நாள் சொல்லலியேக்கா?”

“இத்தன நாள் நீ கேக்கலியே.”

“வேற யாருக்கும் இப்படி இல்லியே. திபுர்சியோ பொண்டாட்டி கூடத்தான படுக்குறாரு?”

“அந்தாளுக்கு எழுபது வயசுடா. படுத்தா என்ன, படுக்கலன்னா என்ன? உனக்கு மூணு பொண்ணு இருக்கு. அவ சளி உன் நெஞ்சுக்குள்ள போனா சுரங்கத்துல உன் எடம் நாளைக்கே போயிரும். கையெழுத்துப் போடு.”

போட்டார். அட்டை மறுபடி ஆணியில் தொங்குகிறது. நான் அடுப்படியில் தனியே படுக்கிறேன்.

அப்பா விஷயம். நீ எழுதியதைப் பலமுறை படித்துவிட்டேன். மூன்று நாள் உனக்குச் சாப்பாடு யார் கொடுத்தார்கள்? அதை எழுது.

ஆனால் வர வேண்டியது இன்னும் வரவில்லை.

அக்கா


கொச்சபம்பா
16 ஏப்ரல் 1998

அக்கா,

இதை காசியானா பெயருக்கே அனுப்புகிறேன். அவளுக்குக் கண் சொட்டு மருந்தும் வைத்திருக்கிறேன், அதனால் அவள் கணவர் ஒன்றும் கேட்க மாட்டார்.

காவல் நிலையத்தில் பக்கத்து அறையில் கோழி திருடிய ஒரு அம்மா இருந்தாள். அவள் மகள் தினமும் சூப் கொண்டுவந்தாள். கம்பி வழியாக எனக்கும் ஒரு குவளை.

அண்ணியைப் பற்றி எனக்கு என்ன நினைப்பதென்று தெரியவில்லை. பூட்டினாள் என்கிறாயே. யாருக்காகப் பூட்டினாள்?

முதலாளி விடுப்புத் தரவில்லை. கேட்காமல் வரலாம். வந்தால் அத்தான் எதற்கு வந்தாய் என்பார். என்ன சொல்வேன்?

தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்றோடு பதினாறு நாள்.

நிக்கோ


கெர்முனி
3 மே 1998

நிக்கோ,

இன்று சிலுவைத் திருநாள். செவெரோவும் மற்றவர்களும் சுரங்க வாசலில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது.

ஏப்ரல் 21 காலையில் துணியில் சிவப்புப் பார்த்தேன். நான் சந்தோஷப்படவில்லை. எப்படிப் படுவேன்? மூன்று மாதமாக என் உடம்பிலிருந்து வருவதெல்லாம் சிவப்பு. மருந்துக் கறையா வேறா என்று தெரியவில்லை. ஒரு பகல் முழுக்கத் துணியை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு சுரங்கக் கல் மேட்டில் தாது பொறுக்கினேன். நம்பினால் பொய்யாகிவிடும் என்று பயம்.

மறுநாள் ஏழு மணிக்குத் துணியை அண்ணியிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். “மருந்துன்னா தேத்தண்ணி மாதிரி பரவும். இது அப்படியே நிக்குது பாரு. ரத்தந்தான்” என்றாள். பிறகு என்னை உட்காரவைத்து, அடிவயிற்றை அழுத்தி, வலிக்கிறதா, கட்டியாக ஏதும் விழுந்ததா, எவ்வளவு துணி நனைந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்தத் தடவை கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். அதிகம் போகவில்லை, ஐந்து நாளில் நின்றது. வெறுமனே தள்ளிப்போனதா, கரு தங்கிக் கலைந்ததா என்று அவளுக்கும் நிச்சயமில்லை. எதுவானாலும் இப்போது இல்லை.

ரத்தந்தான் என்று அவள் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். நிம்மதி இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அது என்ன என்று நேற்றுத்தான் புரிந்தது.

நேற்று மாத்திரை விழுங்கி, வாயைத் திறந்து காட்டி முடித்ததும், ஒரு காகிதப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். அந்தச் சிவப்பு நூலில் அவ்வளவு நாள் பின்னியது. காதுக்கு மடிப்பு வைத்த தொப்பி. என் முஷ்டிக்குச் சரியாக இருந்தது. இனி நான் பெற்றுத்தர வேண்டிய அந்தப் பையனுக்கு.

“வச்சுக்க” என்றாள். “ஆகஸ்ட் முடியட்டும். உடம்பு தேறட்டும். இப்ப ஓரூரோவுல நல்ல டாக்டருங்க இருக்காங்க.”

“லாரியில ஏறமாட்டேன்னீங்களே அண்ணி.”

“வலி எடுக்குறதுக்கு முன்னாடியே ஓரூரோவுல போய்த் தங்கிட்டா அந்த லாரி எதுக்கு?” என்றாள். அடுத்த ஆளுக்கு மாத்திரை எண்ணப் போய்விட்டாள். சாவி கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

நீ கேட்டாயே, யாருக்காகப் பூட்டினாள் என்று. எனக்காகத்தான். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் எனக்காக.

தொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செவெரோ அதைத் தன் விரலில் மாட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அட்டைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

இன்று எல்லாரும் போன பிறகு அதை எடுத்துப் பிரித்தேன். அவள் பின்னல் இறுக்கம். ஒரு மணி நேரத்தில் பாதி இதற்கே போய்விட்டது. நூல் சுருள் சுருளாக நிற்கிறது, நனைத்துக் காயவைத்தால் நேராகிவிடும். எங்கே என்று கேட்டால் கினிப்பன்றிகள் கடித்துவிட்டன என்று சொல்லிக்கொள்கிறேன். நான்காம் கேள்விக்குச் சொன்ன பொய்யைவிட இது சின்னப் பொய்.

உருண்டையைச் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். ஜூலை 25 எனக்குக் கடைசி மாத்திரை. அதற்கு மேல் ஒரு மாதம். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்து லாரியில் காசியானா பெயருக்குத் திருப்பி அனுப்பு. நடுவில் வைக்க வேண்டியதை வை. வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று முதலில் கேட்டு எழுது. இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்கிறேன்.

பழுப்பு நூலைக் கொண்டு மேலே நாலு சுற்றுச் சுற்றிவிடு. சிவப்பு வெளியே தெரிய வேண்டாம்.

அக்கா